நுவரெலியாக் குளிரிலும் பிஎஸ்4 சூடேறி அணைகிறது, ஏன்?

18 ஜனவரி 2025, இரவு 9.40 (நுவரெலியா வாசகர் ஒருவரின் கேள்வி)

இங்கே வெளியே 9 பாகை செல்சியஸ். கம்பளி போர்த்திக்கொண்டுதான் விளையாடுகிறோம். ஆனாலும் பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுக் கன்சோல்) அரைமணி நேரத்தில் மாவு மில் மாதிரி இரைகிறது. பிறகு சூடாகிவிட்டது என்று திரையில் காட்டி நின்றுவிடுகிறது. டிவிக்குக் கீழே கபட் தட்டில், கண்ணாடிக் கதவுக்குள் வைத்திருக்கிறோம். கொழும்பில் சித்தி வீட்டில் இதே மொடல் ஏசி இல்லாமலே ஓடுகிறது. குளிர் ஊரில் இயந்திரம் சூடாக வழியே இல்லை, போர்ட் (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை) பழுது என்கிறார் கடைக்காரர். உண்மையா?

18 ஜனவரி, இரவு 10.15

போர்ட்டைக் கழற்றக் கொடுக்காதீர்கள். கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்து இன்றைக்கு ஒரு மணி நேரம் விளையாடிப் பாருங்கள். முடிந்தால் கன்சோலையே வெளியே எடுத்து ஒரு ஸ்டூலில் வையுங்கள். நிற்காமல் ஓடினால் கோளாறு கபட்டில்தான். மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

19 ஜனவரி, ஞாயிறு காலை

எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்தது, அதனால்தான் நேற்று உடனே பதில் போட்டேன்.

கொட்டகலைப் பக்கம் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) எங்கள் வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா ஒன்று, இஸ்தோப்பை (முன் திண்ணையை) அடைத்து எடுத்த சின்ன அறை ஒன்று. டிவி, சாமித்தட்டு, துணி அலுமாரி, தம்பியின் பாடப்புத்தகம் எல்லாமே அந்த ஒரு காம்பராவுக்குள்தான். அக்கா குவைத்தில் இரண்டு வருஷம் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசில் தம்பிக்குப் பழைய பிஎஸ்4 ஒன்று வாங்கினோம். அம்மா அதைக் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்டார். டிவி கபட்டின் உள்தட்டில் வைத்து, குளிரும் ஈரமும் படக்கூடாது என்று டிவிக்குப் போடுவது போலவே பூப்போட்ட துணி தைத்து அதற்கும் போர்த்திவிட்டார். தம்பி விளையாடும்போது முன்பக்கத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிவிடுவான். எட்டு மாதத்தில் நின்றது. சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. அன்று அவன் சாப்பிடாமல் படுத்தது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஈரத்தால் வீணாகாத பொருள் எது நம் பக்கத்தில்? போர்த்தி வைத்தால் பத்திரம் என்பது நம் கையில் ஊறிய பழக்கம்.

சரி, குளிரில் ஏன் சூடாகிறது? கோழிக்குஞ்சு வளர்க்கும் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அட்டைப்பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிடுகிறோம். வெளியே 10 பாகை இருந்தாலும் உள்ளே குஞ்சுக்குத் தேவையான 32, 35 பாகை வந்துவிடும். 60 வாட், 100 வாட் பல்புக்கே அப்படி. 2013இல் வந்த முதல் தடித்த பிஎஸ்4 விளையாட்டு ஓடும்போது ஏறக்குறைய 140 வாட் இழுக்கும். இழுப்பதெல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். ஆக, கண்ணாடிக் கதவு போட்ட கபட்டுக்குள் ஒன்றரைக் குண்டு பல்பை எரியவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். வெளியே பனி பெய்தாலும் அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

சோனி இந்தக் கன்சோலை 5 முதல் 35 பாகை வரையான சூழலுக்குச் செய்திருக்கிறது. அதை நாம் அறையின் சூடு என்று படித்துவிடுகிறோம். கன்சோல் உள்ளே இழுக்கிற காற்றின் சூடு என்று படிக்க வேண்டும். கபட்டுக்குள் அந்தக் காற்று 40 பாகை என்றால் அந்த இயந்திரம் இருப்பது நுவரெலியாவில் இல்லை.

காற்று போகும் வழியும் தெரிந்திருக்க வேண்டும். தடித்த பிஎஸ்4 இரண்டு பக்க இடுக்குகளிலும் காற்றை இழுக்கிறது. உள்ளே ஃபேன் அதைச் சிப்பின் மேல் உள்ள உலோகத் தகடுகள் வழியாகத் தள்ளும். அப்புறம் அதே காற்று பவர் சப்ளையையும் கடந்து பின்பக்கமாக வெளியேறும். பின்னால் கை வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். அந்தச் சூட்டுக் காற்று கபட்டின் பின்பலகையில் மோதித் திரும்பிப் பக்க இடுக்குக்கே வருகிறது. ஒரே காற்றைத் திரும்பத் திரும்பக் குடித்தால் என்ன ஆகும்?

சுவரிலிருந்து குறைந்தது 10 சென்ரிமீற்றர் தள்ளி வைக்கச் சொல்கிறது சோனி. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கு எல்லாப் பக்கமும் 10 முதல் 15 சென்ரிமீற்றர். உங்கள் உள்ளங்கையை அகல வைத்துக்கொண்டால் கணக்குச் சரி.

19 ஜனவரி, மாலை 6

ஹப்புத்தளை அண்ணன் ஒருவர் சொல்லியிருக்கிறார்: உயரத்தில் காற்று மெலிசு, அதனால் சூட்டைத் தூக்கிப் போகாது, கபட்டைக் குறை சொல்லாதே என்று. இந்த யோசனை எனக்கு முதலில் வரவே இல்லை. நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே சோறு வேகவே நேரம் கூடுதலாகும். அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதுதான் முக்கிய காரணமாகவும் இருக்கலாம்.

21 ஜனவரி

முந்தாநாள் மாலை எழுதியதைத் திருத்துகிறேன். உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

கடல் மட்டத்துக் காற்றழுத்தம் 100 என்றால் 1,868 மீற்றரில் சுமார் 81. ஆனால் குளிர்ந்த காற்று கொஞ்சம் கனமானது. கொழும்பு 28 பாகை, நுவரெலியா 16 பாகை என்று வைத்தால் காற்றின் அடர்த்தி 100க்கு 84 வரும். ஆறில் ஒரு பங்கு குறைகிறது. அண்ணன் சொன்ன மெலிசு பொய்யில்லை.

ஆனால் அதே அறை கொழும்பைவிட 12 பாகை குளிராகவும் இருக்கிறதே. கொழும்பில் சிப்பின் சூடு அறையைவிட 40 பாகை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 28உடன் 40, மொத்தம் 68. இங்கே காற்று மெலிசானதால் அந்த 40 என்பது 48 ஆகிறது என்று மோசமாகவே கணக்குப் பார்ப்போம். 16உடன் 48, மொத்தம் 64. அப்போதும் நுவரெலியாவுக்கு 4 பாகை லாபம். ஃபேன் கொஞ்சம் கூடச் சுற்றும், இரைச்சல் கூடும், அவ்வளவுதான். நிற்க வேண்டிய அவசியம் இல்லை. கொழும்புச் சித்தி வீட்டுக் கன்சோல் திறந்த மேசையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதுதான் வித்தியாசம்.

21 ஜனவரி, இரவு

மேசையில்தான் இருக்கிறதாம். கேள்வி கேட்டவரே எழுதிவிட்டார். கதவைத் திறந்துவிட்டு இரண்டு மணி நேரம் நிற்காமல் விளையாடியிருக்கிறார். இரைச்சல் மட்டும் இன்னும் குறையவில்லை என்கிறார். அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் தூசியாக இருக்கும். அது தனிக்கதை, பிறகு எழுதுகிறேன்.

26 ஜனவரி, ஞாயிறு

இந்த வாரம் எங்கள் கபட்டில் அளந்து பார்த்தேன். முட்டை அடைவைக்கும் பெட்டிக்குப் போடுகிற, வயர் நுனியில் உணரி உள்ள சின்ன வெப்பமானி ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்த நுனியை பிஎஸ்4இன் பக்க இடுக்கருகே ஒட்டினேன். தம்பிக்கு நாங்கள் வாங்கிக்கொடுத்த இரண்டாவது பிஎஸ்4 இது. ஒவ்வொரு முறையும் 45 நிமிடம் ஓடவிட்டேன். அறை 17 பாகை.

கதவு மூடி, மேலே அம்மாவின் துணியும் போட்டபோது 39. அந்தத் துணியை மறுபடி போட மனசே வரவில்லை, ஆனால் பார்க்க வேண்டியிருந்தது. 39 வந்தவுடன் நிறுத்திவிட்டேன். துணியை எடுத்துக் கதவையும் திறந்தால் 29. கபட்டின் பின்பலகையையும் கழற்றிச் சுவரிலிருந்து கை அகலம் இழுத்துவிட்டால் 22. ஸ்டூலில் வெளியே வைத்தால் 18.

அளந்தது கன்சோல் குடிக்கும் காற்றை, சிப்பை இல்லை. ஆனாலும் 39க்கும் 22க்கும் நடுவில் செலவு ஒன்றுமில்லை. நாலு ஆணி கழற்றினேன், அவ்வளவுதான். பின்பலகை அநேகமாக மெல்லிய ஹார்ட்போர்ட் அட்டைதான். எடுத்தால் கபட் கொஞ்சம் ஆடும். மூலைக்கு மூலை ஒரு ரீப்பர் குறுக்கே அடித்தால் நிற்கும்.

இதோடு விடாமல் ஒரு ஃபேனும் போட்டேன். பழைய கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த 12 சென்ரிமீற்றர் ஃபேன், பழைய ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர். பின்பலகையைத் திரும்பப் போட்டு, அதில் வட்டம் வெட்டி, வெளிக்குளிரை உள்ளே ஊதும்படி வைத்தேன். குளிர்காற்று நேராகக் கன்சோல் மேல் படுமே என்று நினைத்தேன். கதவை மூடி அளந்தால் 41! ஃபேன் இல்லாததைவிட மோசம்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷம் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். "காத்த உள்ள தள்ளுறியே, உள்ள இருக்குற சூட்டுக் காத்து எங்கடா போகும்? அதுவும் இந்தப் பக்கந்தானே வெளிய ஊதுது, ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்கிது. மேல வச்சு வெளிய இழு. கீழ வழி உடு. வர்ற காத்து தானா வரும்" என்றார்.

பழைய மாடியில் சாக்குத் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி வைத்திருப்பார்களாம். கோடியில் இருக்கும் பெரிய ஃபேன் காற்றை இழுக்கும். எந்த ஜன்னலை எவ்வளவு திறப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது என்பார். யாராவது எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டால் ஃபேனின் சத்தமே மாறிவிடும், கீழ்த்தளத்தில் நின்றாலும் தெரியும் என்றார்.

அவர் சொன்னபடி ஃபேனைப் பின்பலகையின் மேல்மூலைக்கு மாற்றி, வெளியே இழுக்கும்படி திருப்பினேன். முன்கதவின் கீழே 40 சென்ரிமீற்றர் நீளம், 3 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஓர் இடைவெளி வெட்டினேன். 12 சென்ரிமீற்றர் வட்டத்தின் பரப்பு 113 சதுர சென்ரிமீற்றர், இந்த இடைவெளி 120. உள்ளே வரும் வழி வெளியே போகும் வழியைவிடச் சின்னதாக இருக்கக்கூடாது. கதவை மூடியே அளந்தேன்: 23.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கதவு மூடியே இருக்க வேண்டும் என்றால் இதுதான் வழி. மற்றவர்களுக்கு ஃபேனே வேண்டாம், பின்பலகையை எடுங்கள் போதும்.

28 ஜனவரி

அடாப்டர் பற்றிக் கேட்டவருக்கு: ஃபேனின் முதுகில் 12 வோல்ட், எத்தனை அம்பியர் என்று ஒட்டியிருக்கும். அடாப்டரில் எழுதியிருக்கும் அம்பியர் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். சிவப்பு வயர் பிளஸ். கன்சோலின் யூஎஸ்பி துளையிலிருந்து ஃபேனுக்குக் கரண்ட் எடுக்காதீர்கள், அது கன்ட்ரோலர் சார்ஜுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் உள்ளது.

2 பெப்ரவரி

பதுளையிலிருந்து ஒரு தம்பி. மாமா கொடுத்த எக்ஸ்பாக்ஸ் 360, முன்னால் சிவப்பு வளையம் மின்னுகிறதாம். துவாயால் சுற்றி இருபது நிமிடம் ஓடவிட்டால் சரியாகும் என்று யாரோ சொன்னார்களாம். செய்யலாமா?

வேண்டாம் தம்பி. தயவுசெய்து வேண்டாம்.

அந்த வளையத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2005இல் வந்த கன்சோல் அது. இந்தச் சிவப்பு வளையக் கோளாறு அவ்வளவு பரவலாக வந்ததால், 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அதற்கான உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டியது. அதற்காக ஒதுக்கிய தொகை நூறு கோடி டொலருக்கு மேல். சிப்பு சூடாகி விரியும், அணைத்ததும் ஆறிச் சுருங்கும். விளையாடும் ஒவ்வொரு முறையும் இப்படி இழுபட்டு இழுபட்டு, சிப்பின் அடியில் உள்ள மிக நுண்ணிய பற்றாசு (சோல்டர்) ஒட்டுகள் விரிசல் விடுகின்றன. துவாய் சுற்றினால் சூடு கண்டபடி ஏறி, விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டது போல் சிலருக்கு ஓரிரு நாள் ஓடியிருக்கிறது. அதற்குள் மற்றப் பாகங்கள் வெந்துவிடும். தீப்பிடிக்கவும் கூடும், லயத்தில் ஒரு காம்பராவில் தீ என்றால் வரிசை முழுவதற்கும் தீ. உங்கள் கன்சோல் ஏற்கெனவே போயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். அதை மனதார ஏற்றுக்கொள்ளுங்கள்.

அந்த விரிதலும் சுருங்குதலும் எல்லாக் கன்சோலுக்கும் உண்டு. சூடு எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு இழுபடும். கபட்டில் நின்று நின்று ஓடும் பிஎஸ்4ஐ "நின்றால் என்ன, ஆறவிட்டு மறுபடி போடலாம்" என்று விடாமல் நான் இவ்வளவு எழுதுவது அதனால்தான்.

9 பெப்ரவரி, ஞாயிறு, இரவு

காலையில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறையில் ஒரு குரங்கு மின் அமைப்பில் பட்டதால் என்று செய்தி. ஞாயிறு என்பதால் பல வீடுகளில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்திருப்பார்கள், அதனால் ஒன்று சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபேனும் அந்த நொடியே நிற்கும். உள்ளே இருக்கும் சூடு அப்படியே உட்கார்ந்திருக்கும். உடனே கபட் கதவைத் திறந்துவிடுங்கள், பிளக்கையும் கழற்றுங்கள். கரண்ட் திரும்பும்போது ஏறி இறங்கி வருவது நமக்குத் தெரியும். வந்து பத்து நிமிடம் கழித்துப் போட்டால் போதும். 2022இல் ஒரு கட்டத்தில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்களே, அப்போது பழகியதை விட்டுவிட வேண்டாம்.

16 பெப்ரவரி

தூசி. இதை மூன்று வாரத்துக்கு மேலாகத் தள்ளிப்போட்டுவிட்டேன். எழுதவேண்டியது நிறைய இருக்கிறது.

யூடியூபில் காட்டுகிற தூசி வேறு, நம் வீட்டுத் தூசி வேறு. அங்கே கம்பளவிரிப்புப் பஞ்சு, நாய் முடி. ஊதினால் பறக்கும். நம் வீட்டில் விறகடுப்பு. கபட்டுக்கு மேலேயே சாமித்தட்டு: நல்லெண்ணெய் விளக்கு, கற்பூரம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி. எங்கள் முதல் பிஎஸ்4ஐக் கழற்றிக் கண்ணால் பார்த்தேன். உலோகத் தகடுகளுக்கு நடுவில் இருந்தது சாம்பல் நிறப் பஞ்சு இல்லை. கறுப்பாக, பிசுபிசுவென்று, அடுப்பங்கரை முகட்டில் தொங்குகிற ஒட்டடை மாதிரி இருந்தது. கையில் எடுத்தால் விரலில் ஒட்டியது. தகடுகளின் இடைவெளியில் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. அந்த நிலையில் கன்சோலை வெளியே வைத்தாலும் ஃபேன் கத்தத்தான் செய்யும். நுவரெலியாக்காரருக்கு இரைச்சல் குறையாதது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சாமித்தட்டை இறக்கச் சொல்லவில்லை. இறக்கவும் மாட்டோம். கன்சோலை மற்றச் சுவருக்கு மாற்றுங்கள். சாம்பிராணி போடும் நேரத்தில் கன்சோல் ஓடக்கூடாது. ஓடினால் புகையை இழுத்து உள்ளே பூசிக்கொள்ளும். அணைந்திருந்தால் அவ்வளவாகப் போகாது. எங்கள் வீட்டில் இப்போது அம்மாவே விளக்கு வைக்கும் முன், "அத நிப்பாட்டுடா" என்று சொல்லிவிடுவார்.

சுத்தம் செய்யும்போது:

முதலில் பிளக்கைக் கழற்றி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். வெளி இடுக்குகளை உலர்ந்த பெயின்ட் தூரிகையால் மாதம் ஒரு முறை தட்டினால் பாதி வேலை முடிந்தது. பிசுக்கு பிடித்த தகடுகளுக்குத் திறந்துதான் ஆக வேண்டும். பிஎஸ்4இன் ஆணி நட்சத்திர வடிவில் நடுவில் ஒரு குமிழோடு இருக்கும், அதற்குத் தனித் திருப்புளி வேண்டும். உள்ளே ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த தூரிகை. மண்ணெண்ணெய் வேண்டாம், தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஃபேனைத் துடைக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிடாதீர்கள்.

டயர் ஒட்டும் கடைக்குக் கொண்டுபோய் கம்பிரசரில் அடிப்பது நம் ஊரில் வழக்கம். நானும் முதல் கன்சோலுக்கு அதைத்தான் செய்தேன். அந்தக் காற்றோடு தண்ணீர்த் துளியும் எண்ணெயும் வரும். போதாததற்கு ஃபேன் அதன் அளவுக்கு மீறிச் சுற்றிப் பேரிங் போகும். எங்களுடையதற்குப் போனது. அதற்குப் பிறகுதான் அது முற்றாக நின்றது.

சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சில வருடங்களில் காய்ந்துபோகும். பத்து வருடப் பழைய பிஎஸ்4 என்றால் மாற்றத்தான் வேண்டும். முதல் தடவை கை பழகிய ஒருவரோடு உட்கார்ந்து செய்யுங்கள். பிஎஸ்5இல் அந்த இடத்தில் திரவ உலோகம் இருக்கிறது, அதை வீட்டில் தொடவே கூடாது. மின்சாரம் கடத்தும் பொருள், ஒரு துளி போர்ட்டில் சிந்தினால் முடிந்தது.

23 மார்ச்

இந்த மாதம் வெயில். தகரக் கூரைக்கு அடியில் நண்பகலில் எங்கள் காம்பராவில் 30 பாகை தாண்டுகிறது, கொட்டகலையில்! இங்கே எப்போதும் குளிர் என்பது போல நான் எழுதியது மார்ச், ஏப்ரல் நண்பகலுக்குப் பொருந்தாது. கன்சோலை அலுமாரி உச்சியில் ஏற்றியவர்கள் கவனம், கூரைக்கு நெருங்க நெருங்கச் சூடு. வெப்பமானியை உச்சியில் வைத்தேன், 34. பிற்பகலில் இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள், டிவி கேபிளையும் சேர்த்து.

15 ஏப்ரல்

புத்தாண்டுக்கு மாமா பிள்ளைகள் எல்லாரும் வந்து நேற்று ஆறு மணி நேரம் தொடர்ந்து ஓடியது. நிற்கவில்லை. ஆனால் கடைசி ஒரு மணி நேரம் இரைச்சல் கூடியது.

காரணம் என் வேலைதான். கரப்பான் கன்சோலுக்குள் போகிறது, என்ன செய்யலாம் என்று மஸ்கெலியா அக்கா ஒருவர் கேட்டதற்கு, பக்க இடுக்குகளில் நுளம்பு வலைத் துணி ஒட்டலாம் என்று பெப்ரவரியில் தனியாகப் பதில் போட்டிருந்தேன். எங்கள் வீட்டிலும் ஒட்டினேன். இரண்டு மாதத்தில் அந்த வலை முழுக்கப் புகைப் பிசுக்கு. கண்ணுக்கு வலை போலவே தெரிகிறது, காற்றுக்குச் சுவர். இன்று காலை பிய்த்தெறிந்துவிட்டேன். இரைச்சல் உடனே இறங்கியது.

அக்கா, உங்களுடையதையும் இன்றே பிய்த்துவிடுங்கள். கரப்பானுக்கு அந்தச் சூடுதான் பிடிக்கும், விளையாடி முடித்ததும் முழுதாக அணைத்து பிளக்கைக் கழற்றுங்கள். ரெஸ்ட் மோடில் விட்டால் இரவு முழுக்க இளஞ்சூடு இருக்கும். சாப்பாட்டுத் துணுக்கு அந்தப் பக்கமே இருக்கக்கூடாது. வலை வேண்டுமானால் கபட்டின் முன் இடைவெளியில் கட்டலாம், வாரம் ஒருமுறை கழுவுவதானால் மட்டும்.

8 ஜூன்

மழை பிடித்துவிட்டது. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் எல்லாம் தென்மேல் பருவமழை. பண்டாரவளை, பதுளைக்காரர்களுக்கு இது டிசம்பரில் வரும், அப்போது திரும்பி வந்து இதைப் படியுங்கள்.

இங்கே ஒருவர் மூடுபனிக் காற்று நேராகப் படட்டும் என்று ஜன்னல் ஓரத்தில் கன்சோலை வைத்திருப்பதாக எழுதியிருந்தார். ஓடும்போது பனி உள்ளே போய் நீர்கட்டும், எடுத்துவிடுங்கள் என்று நேற்று பதில் எழுதினேன். பாதி சரி, பாதி பிழை.

குளிரில் இருந்துவிட்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்தால் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதை யோசித்தேன். குளிர்ந்த பொருளில் வெதுவெதுப்பான ஈரக் காற்று பட்டால்தான் நீர் கட்டும். ஓடுகிற கன்சோல் அறையைவிடச் சூடு. அதில் நீர் கட்டாது. ஆபத்து அணைத்த பிறகு. இரவு முழுக்க ஜன்னலோரம் அது 12, 13 பாகைக்குக் குளிர்கிறது. காலையில் சோறு வடிக்கிற ஆவி, தேத்தண்ணீர்க் கேத்தல் ஆவி எல்லாம் காம்பராவுக்குள் வருகிறது. அது கன்சோலின் உலோகத் தகடுகளில் நீராகிறது. அந்த நேரத்தில் பிள்ளை எழுந்து சுவிட்சைப் போட்டால்?

ஜன்னலோரத்திலிருந்து எடுக்கச் சொன்னது சரிதான், சொன்ன காரணம் பிழை. சாரல் வேறு அடிக்கும். மழைக்காலத்தில் காலையில் கன்சோலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் அடுப்பு வேலை முடிந்து ஒன்றிரண்டு மணி நேரம் போகட்டும். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ புதிதாகக் கொண்டுவந்தாலும் பெட்டியைத் திறந்து அறைச்சூட்டுக்கு வரவிட்டுப் போடுங்கள்.

ஈரத்துக்காகத் துணி போர்த்தலாமா என்றால், போர்த்தலாம். அணைத்து, பிளக் கழற்றி, பின்பக்கம் கை வைத்தால் சூடு தெரியாத பிறகு. விளையாடும் முன் முழுதாக எடுக்க வேண்டும். அம்மா தைத்த துணியை அப்படித்தான் இப்போது பயன்படுத்துகிறோம். அதை எடுத்துச் சாமித்தட்டின் பக்கத்து ஆணியில் மாட்டாமல் கன்சோலைப் போடக்கூடாது என்பது தம்பிக்கு நான் வைத்த ஒரே சட்டம்.

9 ஜூன்

எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருப்பவர் கேட்டதற்கு: 2013இல் வந்த அந்தப் பெரிய பெட்டியின் மேல்முகத்தில் பாதி வரை சல்லடைத் துளைகள். அதற்கு மேல் டிஷ் பெட்டியையோ சீடி உறையையோ வைத்தால் மூக்கைப் பொத்தியது மாதிரி. அதன் பவர் சப்ளை தனிச் செங்கல் போல வெளியே இருக்கும், அதையும் மெத்தைக்கு அடியில் திணிக்காதீர்கள், அதற்கும் உள்ளே ஃபேன் இருக்கிறது.

22 ஜூன், ஞாயிறு

நுவரெலியாக்காரர் எழுதியிருக்கிறார். கபட்டையே விட்டுவிட்டு, டிவிக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு எல் ஆங்கிள் அடித்துத் தனித் தட்டு போட்டுவிட்டாராம். 45க்கு 45 சென்ரிமீற்றர் பலகை. உள்ளே தூசியும் எடுத்து, பேஸ்ட்டும் மாற்றியிருக்கிறார். இரைச்சல் இப்போது டிவி சத்தத்தில் கேட்பதில்லை. போர்ட் பழுது என்று சொல்லப்பட்ட அதே கன்சோல்.

அந்த அளவைக் கேட்ட மற்றவர்களுக்கு: தடித்த பிஎஸ்4 அகலம் ஏறக்குறைய 28, ஆழம் 31 சென்ரிமீற்றர். 45 அகலத்தில் நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் எட்டு எட்டு வரும். பக்கங்கள் திறந்துதான் இருக்கின்றன என்பதால் அது போதும். ஆழத்தில் முன்விளிம்போடு சேர்த்து வைத்தால் பின்னால் 14 கிடைக்கும். பலகையின் பின்விளிம்பைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு விரல் விட்டு அடியுங்கள், மண்சுவர் பக்கமாக இருந்தால் ஈரம் ஏறும்.

எங்கள் கபட் ஃபேன் நேற்றிலிருந்து கிர் என்கிறது. அதிலும் அதே கறுப்புப் பிசுக்கு. இன்று தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கழற்றப் போகிறேன், அப்பா திருப்புளியை எடுத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டார்.